கொடுத்த உயிர், கேட்ட உயிர்

1982 அக்டோபர் 10ஆம் தேதி வத்திக்கானில் மாக்சிமிலியன் கோல்பே என்ற போலந்துத் துறவிக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். திருப்பலிக்கு வந்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சிவப்பு உடுப்பு அணிந்திருந்தார். பூசை உடுப்பின் நிறத்தைப் பார்த்தே சேதி தெரிந்துகொள்ளும் பழக்கமுள்ளவர்களுக்கு அது போதும். சிவப்பு, விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சிகளுக்கு உரிய நிறம். பதினோரு ஆண்டுகளுக்கு முன், 1971இல், ஆறாம் பவுல் இதே கோல்பேக்குப் புனிதர் பட்டத்துக்கு முந்திய படியான முத்திப்பேறு பட்டம் வழங்கியபோது அவரை மறைசாட்சிகள் வரிசையில் வைக்கவில்லை. நடுவில் கோல்பே புதிதாக எதுவும் செய்திருக்க வழியில்லை. அவர் இறந்தே 41 ஆண்டு ஆகியிருந்தது. ஒருவர் மனமுவந்து உயிரைக் கொடுத்தால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதில்தான் திருச்சபையின் முடிவு மாறியிருந்தது.

கிறிஸ்தவத்தின் ஆணிவேரே மனமுவந்த பலிதான். இயேசு தம் உயிரைத் தாமே கொடுத்தார், அதனால் உலகம் மீட்படைந்தது என்பதை எடுத்துவிட்டால் பெரிய வெள்ளியும் இல்லை, ஞாயிற்றுக்கிழமைப் பூசையும் இல்லை. அப்படிப்பட்ட சமயத்திலும், சாதாரண மனிதர் ஒருவர் அன்பினால் இன்னொருவருக்காகச் சாகும்போது அதை எடைபோட 2017 வரை தனிச் சட்டம் இருந்ததில்லை. அந்த ஆண்டு ஜூலை 11 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் ஒரு சட்ட மடல் வெளியிட்டார். இரத்தம் சிந்திய மறைசாட்சியம், வீரத்துக்கு நிகரான நற்பண்புகள் என்ற பழைய வழிகளுக்குப் பக்கத்தில் ‘உயிரைக் கையளித்தல்’ என்ற புதிய வழி திறந்தது. இந்த நடைமுறையில் தேறுவது எவ்வளவு, இடறுவது எங்கே என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் ரோமில் எழுதப்படும் இலக்கணம் ரோமோடு நிற்பதில்லை. அது மறையுரைகள் வழியாக, தவக்காலத் தியானங்கள் வழியாக, நம் வீட்டுப் பெண்களின் காதுவரை வந்து சேர்கிறது.

முதலில் கோல்பே. 1941 ஜூலை இறுதியில் அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் ஒரு கைதியைக் காணவில்லை. ஒருவன் தப்பினால் பத்துப் பேர் பட்டினி கிடந்து சாக வேண்டும் என்பது அங்கே கணக்கு. துணைத் தளபதி கார்ல் ஃபிரிட்ஷ் வரிசை வரிசையாக நடந்து ஆள் பொறுக்கினான். பொறுக்கப்பட்டவர்களில் ஒருவர் போலந்துப் படையில் சார்ஜெண்டாக இருந்த ஃபிரான்சிஷெக் கயோவ்னிச்செக். ஐயோ, என் மனைவி, என் பிள்ளைகள் என்று அவர் கதறிவிட்டார். அப்போது 16670 என்ற எண்ணுள்ள கைதி வரிசையை விட்டு வெளியே வந்தார். அப்படி நகர்ந்ததற்கே அந்த இடத்தில் சுட்டிருப்பார்கள். யார் நீ என்ற கேள்விக்குக் கத்தோலிக்கக் குரு என்றார். அவருக்குக் குடும்பம் இருக்கிறது, அவருக்குப் பதிலாக நான் போகிறேன் என்றார். ஃபிரிட்ஷ் தலையாட்டினான். 11ஆம் பிளாக்கின் நிலவறையில் சோறும் தண்ணீரும் இல்லாமல் அடைத்தார்கள். இரண்டு வாரம் கழித்தும் கோல்பேயோடு சேர்த்து நான்கு பேருக்கு உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. அறை வேறு ஆட்களுக்குத் தேவைப்பட்டது. ஆகஸ்ட் 14 அன்று கார்பாலிக் அமிலத்தை ஊசியில் ஏற்றி முடித்தார்கள். உள்ளேயிருந்து செபமும் பாட்டும் கேட்டதும், பிணங்களை எடுக்கப் போனபோது கோல்பே இருந்த நிலையும் வெளியே தெரிந்ததற்குக் காரணம், அந்தப் பிளாக்கில் மொழிபெயர்ப்பாளராக வேலை வாங்கப்பட்ட புரூனோ போர்கோவியெட்ஸ் என்ற கைதி பிழைத்து வந்து சாட்சி சொன்னதுதான்.

இப்படிச் செத்தவருக்கு மறைசாட்சி என்ற பெயர் கொடுக்க என்ன தடை? சட்டப்படி மறைசாட்சி ஆவதற்குச் சாகிறவருடைய மனம் மட்டும் போதாது, கொல்கிறவனுடைய மனமும் வேண்டும். விசுவாசத்தின்மேல் உள்ள வெறுப்பால் அவன் கொன்றிருக்க வேண்டும். ஃபிரிட்ஷ் கோல்பேயைத் தேடிப் பிடிக்கவில்லை. பத்து என்ற எண்ணிக்கை நிறைந்தால் அவனுக்குப் போதும். ஒரு தச்சர் முன்வந்திருந்தாலும் அனுப்பியிருப்பான். மனிதனையே வெறுத்த ஆட்சி கடவுளையும் வெறுத்த ஆட்சிதான் என்று கோல்பேயின் பக்கம் நின்றவர்கள் வாதாடினார்கள். யோவான் பவுல் அந்த வாதத்தின் பக்கம் சாய்ந்து சிவப்பு உடுத்தினார். அவர் மனத்தை மெச்சலாம். ஆனால் வரையறையை அவ்வளவு இழுத்தால் நாஜி முகாமில் இறந்த எந்த விசுவாசியையும் அதில் அடக்கிவிடலாம்.

2017ஆம் ஆண்டுச் சட்டம் அந்த இழுபறியை முடித்துவைத்தது. அது கேட்பவை இவை: உயிரைச் சுதந்திரமாகவும் மனமுவந்தும் கையளித்திருக்க வேண்டும்; நிச்சயமான, காலத்துக்கு முந்திய சாவை அன்பின் காரணமாக ஏற்றிருக்க வேண்டும்; கையளித்ததற்கும் செத்ததற்கும் நேர்த் தொடர்பு இருக்க வேண்டும்; அதற்கு முன்பும் சாகும்வரையிலும் கிறிஸ்தவ நற்பண்புகள் சாதாரண அளவிலாவது இருந்திருக்க வேண்டும்; மக்களிடம் புனிதர் என்ற பெயர் இருக்க வேண்டும்; முத்திப்பேறு பட்டத்துக்கு ஒரு புதுமையும், அதாவது அற்புதமும், நடந்திருக்க வேண்டும்.

இதில் எனக்குப் பெரிதாகப் படும் நன்மை, கொலைகாரனின் மனத்தைத் தோண்டிப் பார்க்கும் வேலை ஒழிந்தது. தியாகத்தின் மதிப்பு கொன்றவனின் நோக்கத்தைப் பொறுத்தது என்பதே கோணலான ஏற்பாடு. காய்ச்சல்காரர்களைக் கவனித்து அதே காய்ச்சலில் செத்த தாதிக்கு எந்த வெறுப்பாளனைத் தேடிப் போவது? கிருமிக்கு விசுவாசத்தின்மேல் பகை கிடையாது.

இரண்டாவது நன்மை ‘சாதாரண அளவிலாவது’ என்ற சொற்களில் இருக்கிறது. கோல்பேயின் முழு வாழ்க்கையையும் எடுத்துப் பார்த்தால் அது ஏன் தேவை என்று புரியும். 1927இல் வார்சா அருகே நியெபொகலானூவ் என்ற துறவற நகரத்தைக் கட்டியவர் அவர். அச்சகம், பத்திரிகை, பின்னால் வானொலி என்று வளர்ந்த அந்த இடத்திலிருந்து 1935 முதல் வெளிவந்த சிறிய நாளிதழில் யூத வெறுப்பு எழுத்துகள் தாராளமாக இடம்பெற்றன. கோல்பே அந்த ஆண்டுகளில் கொஞ்ச காலம் ஜப்பானில் நாகசாகியில் இருந்தார், எழுதியவர் வேறு ஆட்கள் என்று விளக்கம் சொல்வார்கள். நிறுவனம் அவருடையது என்பதை அந்த விளக்கம் மாற்றாது. 1939இல் ஜெர்மானியர் போலந்துக்குள் நுழைந்தபின் அதே நியெபொகலானூவ், யூதர்கள் உள்ளிட்ட ஆயிரக்கணக்கான அகதிகளுக்குக் கதவு திறந்ததும் உண்மை. புனிதர் பட்டத்தின்போது இந்த இரண்டையும் வைத்துப் பெரிய சர்ச்சை நடந்தது. ‘அப்பழுக்கற்ற புனிதர்’ என்ற சிலையைச் செய்யப் போனால் முதல் உண்மையை ஒளிக்க வேண்டிவரும். ஒரு மனிதர் தம் காலத்தின் குறைகளோடு வாழ்ந்து, ஒரு மாலையில் தம்மைவிடப் பெரிய காரியத்தைச் செய்தார் என்று ஒப்புக்கொள்ளச் சட்டம் இடம் தருமானால், சிலை செய்ய வேண்டியதில்லை.

இந்த வழியில் இப்போது நிற்கிறவர்களில் ஒருவர் சால்வோ தக்குவிஸ்தோ. இத்தாலியக் காவல் படையான கரபினியேரியில் துணை அதிகாரி, வயது 22. 1943 செப்டம்பரில் ரோமுக்கு அருகே பாலிதோரோவில் ஒரு வெடிவிபத்தில் ஜெர்மன் வீரர்கள் செத்தார்கள். அது நாசவேலை என்று சொல்லி 22 பேரைப் பிடித்து வந்து, அவர்கள் கையாலேயே குழி வெட்ட வைத்தார்கள். செய்தவன் நான் ஒருவன்தான் என்று சால்வோ பொறுப்பேற்றார். 22 பேரையும் விட்டுவிட்டு அவரைச் சுட்டார்கள். 2025 பிப்ரவரியில் அவருடைய உயிர்க்கையளிப்பைத் திருத்தந்தை பிரான்சிஸ் அங்கீகரித்தார். சால்வோ பிரசங்கம் செய்தவர் இல்லை, துறவியும் இல்லை, சொன்னது பொய், அதுவும் காவல்துறை உடுப்பில் நின்று சொன்ன பொய். அவரை எந்தப் பழைய வழியிலும் கொண்டுபோக முடியாமல் விசாரணை பல ஆண்டு நகராமல் கிடந்தது. சட்டம் திறந்த கதவு எவ்வளவு தேவையானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. ஆனால் இதே இடத்தில் ஒரு விசித்திரமும் இருக்கிறது. மறைசாட்சிக்கு முத்திப்பேறு பட்டம் கொடுக்கப் புதுமை வேண்டாம். உயிரைக் கையளித்தவருக்கு வேண்டும். சால்வோவை நோக்கி வேண்டிய யாராவது ஒருவருக்கு மருத்துவம் விளக்க முடியாதபடி நோய் தீர்ந்தாக வேண்டும். குழி வெட்டிய 22 பேர் அன்று வீட்டுக்குப் போனது அந்தக் கணக்கில் சேராது. வெறுத்தவன் கொன்றால் ஒரு படி மேலே, நேசித்தவன் செத்தால் ஒரு படி கீழே என்ற பழைய தரவரிசை இன்னும் முழுதாகப் போகவில்லை.

சட்டத்தின் உயிர்நாடி ‘சுதந்திரமாகவும் மனமுவந்தும்’ என்ற நிபந்தனைதான். கிறிஸ்தவத்தின் மூலக் கதையும் அந்த நிபந்தனையைத்தான் வற்புறுத்துகிறது. தம் உயிரை யாரும் தம்மிடமிருந்து பறிக்கவில்லை, தாமே கொடுப்பதாக இயேசு சொல்வதை யோவான் நற்செய்தி பதிகிறது. அவர் சாவைத் தேடி அலைந்தவரும் இல்லை. நாசரேத்தில் மலையிலிருந்து தள்ள வந்தபோது கூட்டத்தின் நடுவே நழுவிப் போனார். கல்லெறிய வந்தபோது மறைந்துகொண்டார். கெத்சமனித் தோட்டத்தில், முடியுமானால் இந்தக் கிண்ணம் விலகட்டும் என்று வேண்டினார். ஓர் ஊரில் துன்புறுத்தினால் அடுத்த ஊருக்கு ஓடிப் போங்கள் என்று சீடர்களுக்கும் சொல்லிவைத்தார்.

தொடக்கத் திருச்சபைக்கு இந்தப் பாடம் நன்றாக நினைவிருந்தது. இரண்டாம் நூற்றாண்டில் ஸ்மிர்னா நகரில் மறைசாட்சியாக மாண்ட ஆயர் பொலிக்கார்ப்பின் சாவை விவரிக்கும் கடிதம், அதே இடத்தில் குவிந்து என்ற ஒருவரைப் பற்றியும் சொல்கிறது. அவர் தாமாக முன்வந்து பிடிபட்டு, மற்றவர்களையும் தூண்டிவிட்டு, காட்டு விலங்குகளைக் கண்டதும் நடுங்கி மறுதலித்துவிட்டார். வலியப் போய் மாட்டிக்கொள்வதை நாங்கள் மெச்சுவதில்லை என்பது அந்தக் கடிதத்தின் தீர்ப்பு. பொலிக்கார்ப்போ, நண்பர்கள் சொன்னதைக் கேட்டு ஊருக்கு வெளியே பண்ணை வீட்டில் ஒளிந்திருந்தவர். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினில் கூடிய எல்விரா சங்கம் இன்னும் கறாராக இருந்தது: சிலையை உடைக்கப் போய் அடிபட்டுச் செத்தவன் பெயரை மறைசாட்சிகள் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்று விதித்தது. சாவின்மேல் மோகம் கொண்டவர்களைத் தடுத்து நிறுத்தும் கை அன்று இருந்தது.

பின்னால் வந்த இறையியல் இந்தத் தெளிவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கிவிட்டது. 1098 வாக்கில் கேன்டர்பரிப் பேராயர் ஆன்செல்ம் எழுதிய நூல், பாவத்தைக் கடவுளின் மாண்புக்குச் செய்த அவமதிப்பாகவும், இயேசுவின் சாவை அந்தக் கடனைத் தீர்க்கும் ஈடாகவும் விளக்கியது. நிலப்பிரபுக்களின் ஐரோப்பாவுக்கு அது உடனே விளங்கும் கணக்கு. ஆன்செல்மைப் பழிப்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: தந்தை மகனைச் சாகும்படி கட்டாயப்படுத்தவில்லை, மகன் நீதியில் உறுதியாக நின்றார், அதன் விளைவாகவே சாவு வந்தது என்று அவர் மெனக்கெட்டு வாதாடுகிறார். சீர்திருத்தக் காலத்தில் ஈடு என்பது தண்டனையாக மாறியது. மனிதருக்கு விழ வேண்டிய அடி இயேசுவின் மேல் விழுந்தது என்றார்கள். அதிலிருந்து, யாராவது அடி வாங்கினால்தான் கடவுள் சமாதானமாவார் என்று கேட்பவர் மனத்தில் படிய அதிக தூரம் இல்லை. நம் பெரிய வெள்ளிப் பிரசங்கங்கள், அது சி.எஸ்.ஐ. ஆலயத்தின் மூன்று மணி நேர ஆராதனையானாலும் கத்தோலிக்கக் கோயிலின் சிலுவைப்பாதையானாலும், பெரும்பாலும் அந்தக் குறுகிய தூரத்தில்தான் நடமாடுகின்றன.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. கொடுத்தவரைப் பாராட்டுவது, கொடுக்காதவரைக் கேட்பதாக மாறிவிடுகிறது.

ஜான்னா பெரெத்தா மோல்லாவின் கதையை எடுத்துக்கொள்வோம். மிலான் பக்கத்தில் மஜெந்தாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர். மூன்று சின்னப் பிள்ளைகளின் தாய். 1961இல் நான்காவது பிள்ளையைச் சுமந்த இரண்டாம் மாதத்தில் கருப்பையில் கட்டி கண்டுபிடித்தார்கள். கருக்கலைப்பு, கருப்பையையே எடுத்துவிடுவது, கட்டியை மட்டும் அகற்றிக் கர்ப்பத்தைத் தொடர்வது என்று மூன்று வழிகள் இருந்தன. கத்தோலிக்க ஒழுக்கவியலின்படியே இரண்டாவது வழிக்குத் தடையில்லை. தாயின் நோயைத் தீர்க்கச் செய்யும் சிகிச்சையில் குழந்தை இறந்தால் அதைக் கொலையாக அது கருதுவதில்லை. ஜான்னா மூன்றாவதைத் தேர்ந்தார். 1962 ஏப்ரலில் அறுவைச் சிகிச்சையில் மகள் பிறந்தாள். ஒரு வாரத்தில் வயிற்றுறை அழற்சியால் தாய் இறந்தார். 2004 மே 16 அன்று புனிதர் பட்டம் கிடைத்தபோது கணவர் பியெத்ரோவும் அந்த மகளும் வத்திக்கான் சதுக்கத்தில் இருந்தார்கள்.

ஒரு மருத்துவர், விளைவு தெரிந்து, தாமே எடுத்த முடிவு. அதன்முன் எனக்குத் தலைகுனியத்தான் தோன்றுகிறது. ஆனால் மறையுரைகளில் இந்தக் கதை எப்படி வருகிறது? அவர் கடமைக்கும் அப்பால் போனார் என்ற செய்தி உதிர்ந்துவிடுகிறது. நல்ல தாய் என்றால் இப்படித்தான் என்பது மட்டும் மிஞ்சுகிறது. கருப்பையை எடுக்க அனுமதி உண்டு என்பதையே பல பங்குகளில் யாரும் சொல்வதில்லை. நாளைக்கு அதே நிலைமையில் நிற்கும் ஒரு பெண், மற்ற மூன்று பிள்ளைகளை நினைத்து வேறு முடிவு எடுத்தால், புனிதத்துக்குக் குறைந்தவள் என்ற உறுத்தலோடு வாழ வேண்டியிருக்கும். அவள் எடுத்த முடிவிலும் கொடை உண்டு. அதைச் சொல்ல நடைமுறையில் வாய்ப்பே இல்லை.

மரிய கொரெற்றி விஷயத்தில் தடுமாற்றம் இன்னும் ஆழமானது. 1902 ஜூலையில், ரோமுக்குத் தெற்கே ஒரு குடியானவர் வீட்டில், பாலியல் வன்முறைக்கு இணங்க மறுத்த 11 வயதுச் சிறுமியை அதே வீட்டில் குடியிருந்த இளைஞன் 14 முறை குத்தினான். மறுநாள் அவனை மன்னித்துவிட்டு அவள் இறந்தாள். 1950இல் பன்னிரண்டாம் பயஸ் அவளுக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். கற்பைக் காக்க உயிரை விட்ட கன்னி என்று நம் மறைக்கல்வி வகுப்புகளில் அவள் கதையைச் சொல்வார்கள். கொஞ்சம் நின்று யோசித்தால், அவள் எதையும் கொடுக்கவில்லை, அவளிடமிருந்து பறித்தார்கள். கொடுத்தது மன்னிப்பு ஒன்றுதான், அது பெரிய கொடை. உயிரையும் அவளே கொடுத்ததுபோல் எழுதினால் இரண்டு கேடு விளைகிறது. குத்தியவன் கதையின் ஓரத்துக்குப் போய்விடுகிறான். வன்முறைக்கு ஆளாகி உயிர் பிழைத்த பெண்ணோ, நான் சாகாமல் போனதால்தான் கறைபட்டேனோ என்று நினைக்கத் தொடங்குகிறாள். பிழைத்து வந்ததற்காக ஒரு பெண்ணைக் கூசவைக்கும் பக்தி, எத்தனை மெழுகுவர்த்தி ஏற்றினாலும் பக்தி ஆகாது.

குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பற்றிச் சொல்லப் போன பெண்ணுக்கு, உன் சிலுவையாக ஏற்றுக்கொள்ளம்மா, ஆண்டவர் பாடுபடவில்லையா என்ற பதில் கிடைப்பதை நம் ஊர்க் கோயில்களைச் சுற்றி வாழ்கிறவர்கள் அறிவார்கள். சொல்பவர் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. 1984இல் யோவான் பவுல் துன்பத்தின் பொருளைப் பற்றி ஒரு திருத்தூது மடல் எழுதி, மனிதரின் துன்பமும் கிறிஸ்துவின் மீட்புப் பணியில் பங்குபெற முடியும் என்று விளக்கினார். புற்றுநோயில் படுத்திருக்கும் ஒருவருக்கு அது உண்மையான ஆறுதல். ஆனால் நோய்க்குச் சொல்ல வேண்டிய மருந்தை அடிக்குச் சொல்லக் கூடாது. நோயைக் கொண்டுவந்தவர் யாருமில்லை. அடிப்பவனுக்கு முகவரி இருக்கிறது.

1989இல் ஜோவான் கார்ல்சன் பிரவுன், ரெபேக்கா பார்க்கர் என்ற இரண்டு அமெரிக்க இறையியலாளர்கள் இதை முகத்தில் அறைந்தாற்போல எழுதினார்கள்: தந்தையின் விருப்பத்துக்காக மகன் பாடுபட்டதே மீட்பு என்று சொல்லிக்கொண்டிருக்கும்வரை, வீட்டில் அடிபடுகிறவர்களிடம் எதிர்த்து நில் என்று திருச்சபையால் சொல்ல முடியாது என்பது அவர்கள் வாதம். 1993இல் டெலோரஸ் வில்லியம்ஸ் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தார். அடிமைக் காலத்தில் கறுப்பினப் பெண்கள், வெள்ளைக்காரரின் பிள்ளைக்குப் பால் கொடுப்பதிலிருந்து வயல்வேலைவரை, எப்போதும் இன்னொருவரின் இடத்தில் நிறுத்தப்பட்டவர்கள். அவர்களிடம் போய் ‘இன்னொருவர் இடத்தில் நின்று பாடுபடுவதே மீட்பு’ என்று சொன்னால் அது எப்படி நற்செய்தியாகும் என்று கேட்டார். சிலுவையையே கைவிடச் சொல்லும் அளவுக்கு நான் இவர்களோடு போக மாட்டேன். இவர்களுடைய கணக்கில் கோல்பேக்கு இடமே இல்லாமல் போய்விடுகிறது. ஆனால் தியாகம் பேசுபவரிடம் யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார் என்று கேட்கக் கற்றுக்கொடுத்தது இவர்கள்தான். கோல்பேயிடம் யாரும் போய் நீங்கள் துறவிதானே, குடும்பம் இல்லையே, போங்களேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் நடந்த அந்த நாலடியின் பொருளே வேறு.

நம் பக்கத்தில் இந்தக் கேள்விக்குச் சாதியும் உண்டு. நட்டாலத்தில் பிறந்த நீலகண்டப் பிள்ளை, திருவிதாங்கூர் அரசில் உத்தியோகம் பார்த்தவர், 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749இல் கைதாகி, மூன்று ஆண்டு வதைபட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதரானார். பட்டம் கொடுக்கும்போது சாதிப் பெயரை விட்டுவிட்டார்கள், சரியான முடிவு. ஏனென்றால் எல்லாச் சாதியினரோடும் சமமாகப் புழங்கியது அவர் செய்த ‘குற்றங்களில்’ ஒன்று. ஆனால் அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் பின்னால் கட்டிய கோயிலில் சாதிக்கு ஒரு பக்கமாக மக்களைப் பிரித்து உட்காரவைத்த சுவர் இருந்தது. 1910இல்தான் அதை இடித்தார்கள். அத்தனை காலமும் சுவரின் அந்தப் பக்கம் இருந்தவர்களிடம் பொறுமையைப் புண்ணியமாகப் போதித்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தமிழகக் கத்தோலிக்கரில் பெரும்பான்மையோர் தலித்துகள். தனிக் கல்லறை, தனித் தேர்ப்பாதை என்று இன்னும் சில ஊர்களில் அவர்களிடம் கேட்பதும் ஒரு தியாகம்தான், அவர்கள் முன்வந்து கொடுக்காதது. தேவசகாயம் கொடுத்ததையும் அவர்களிடம் வாங்குவதையும் ஒரே சொல்லால் அழைக்கும் பிரசங்கம் முதலாவதையும் கெடுத்துவிடும்.

விசாரணை நடைமுறையிலேயே இதற்கு ஏதாவது செய்ய முடியும் என்று நினைக்கிறேன். புனிதர் பட்ட வழக்குகளில் குறைகளைத் தேடிப் பிடித்து எதிர்வாதம் செய்ய ஓர் அதிகாரி இருந்தார். ‘சாத்தானின் வக்கீல்’ என்று பேச்சுவழக்கில் பெயர். 1983இல் வந்த சீர்திருத்தம் அந்தப் பொறுப்பைப் பெருமளவு குறைத்துவிட்டது. உயிர்க்கையளிப்பு வழக்குகளிலாவது அப்படி ஒருவர் வேண்டும். மறுக்கும் வாய்ப்பு இவருக்கு இருந்ததா, மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும், இவர் செத்ததால் யாருக்கு வசதி, இந்தச் சாவைத் தடுத்திருக்கக் கூடியவர்கள் எங்கே போனார்கள் என்று அவர் கேட்க வேண்டும். மடத்தில் காய்ச்சலோடு வேலை செய்து இறந்த இளம் கன்னியரைக் கொண்டாடுவதற்கு முன், மருத்துவரிடம் போகத் தலைவி அனுமதித்தாரா என்று விசாரிப்பது பக்திக்குக் குறைச்சல் ஆகாது.

பெற்றுக்கொண்டவரைப் பற்றியும் நடைமுறை பேசுவதில்லை. கயோவ்னிச்செக் போரைத் தாண்டிப் பிழைத்தார். மனைவியிடம் திரும்பினார். எந்தப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி அழுதாரோ அந்த மகன்கள் இருவரும் 1945இல் சோவியத் குண்டுவீச்சில் இறந்துபோயிருந்தார்கள். தம் உயிருக்கு இன்னொருவர் உயிர் விலையானதே என்ற உறுத்தல் நெடுநாள் விடவில்லை என்று பின்னாளில் சொன்னார். 1971லும் 1982லும் வத்திக்கானில் நின்றார். 1995இல், 93 வயதில் இறக்கும்வரை ஊர் ஊராகப் போய்க் கோல்பேயைப் பற்றிப் பேசினார். மீட்பு என்றால் சுமை இறங்குவது என்று நினைக்கிறோம். இவருக்கு அது ஐம்பது ஆண்டுச் சுமையாகவும் இருந்தது. இதைச் சொன்னால் கோல்பேயின் செயல் சிறுத்துவிடாது. இயேசுவின் பலி ஒரே ஒரு தடவை, எல்லாருக்குமாக நடந்து முடிந்தது என்று எபிரேயர் திருமுகம் அடித்துச் சொல்வதற்கு இங்கே பொருள் கிடைக்கிறது: மனிதர் கொடுக்கும் உயிர் இன்னொரு மனிதரைச் சாவிலிருந்து மீட்கும், அவ்வளவுதான், உலகத்தைச் சரிக்கட்டும் வேலை அதனிடம் இல்லை. 1530இல் லூத்தரன்கள் தங்கள் ஆக்ஸ்பர்க் அறிக்கையில், புனிதர்களை நினைத்துப் பின்பற்றலாம், அவர்களிடம் வேண்டுதல் வைக்க வேண்டாம் என்று எழுதியது கத்தோலிக்கருக்கு உவக்காது. ஆனாலும் அந்த எச்சரிக்கையில் பாதியையாவது எடுத்துக்கொள்ளலாம்.

சாவை வைத்தே தியாகத்தை அளக்கும் பழக்கம் எதைத் தவறவிடுகிறது என்பதற்கு ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் மொலக்காய் தீவில் ஒரு சோடி இருக்கிறது. பெல்ஜியத்துக் குரு தமியான் 1873இல் அங்கே தொழுநோயாளர் குடியிருப்புக்குப் போனார். வீடு கட்டினார், சவப்பெட்டி அடித்தார், அவர்களோடு ஒரே கலத்தில் உண்டார், நோய் தொற்றி 1889இல் 49 வயதில் இறந்தார். 2009இல் புனிதரானார். அவர் இறப்பதற்கு ஐந்து மாதம் முன்னால் அதே தீவுக்கு வந்தவர் மரியான் கோப் என்ற பிரான்சிஸ்கன் சபைத் தலைவி. என் சிஸ்டர்கள் யாருக்கும் இந்த நோய் வராது என்று சொல்லிவைத்து, சுத்தத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தார். யாருக்கும் வரவில்லை. முப்பது ஆண்டு அங்கேயே இருந்தார்; நோயாளிச் சிறுமிகளுக்கு நல்ல துணியில் கவுன் தைத்துப் போட்டார், மரம் நட்டார், 1918இல் 80 வயதில் மூப்பால் இறந்தார். அவருக்கும் 2012இல் புனிதர் பட்டம் கிடைத்தது, நற்பண்புகள் என்ற பழைய வழியில். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் தராசில் வைத்தால் அவர் தேற மாட்டார். காலத்துக்கு முந்திய சாவு அவருக்கு இல்லை. தவக்காலத் தியானங்களில் தமியான் பெயர் வராத ஆண்டில்லை. மரியான் பெயரை அங்கே நான் கேட்டதாக நினைவில்லை. சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லிக்கொண்டே எண்பது வயதுவரை வாழ்ந்த சிஸ்டரை வைத்து ஆட்களை அழவைப்பது பிரசங்கியாருக்குக் கொஞ்சம் சிரமம்தான்.